‘தீராத நோய்’ என்னும் சொல்லைப் பற்றி

சற்று நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் படிக்கலாம்.

சென்ற வாரம் சென்னையிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். பேச்சின் நடுவே, லாலிக்கு மருந்து செலுத்தும் நேரமாகிவிட்டது என்று சொல்லி விடைபெற முயன்றேன். லாலி யார் என்று கேட்டார். கொல்கத்தாவில் நான் குடியிருக்கும் சந்தின் நாய், வயது பன்னிரண்டுக்கு மேல், ஓராண்டாகச் சிறுநீரக நோய் என்றேன். ‘குணமாகுமா?’ என்றார். ஆகாது என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘தீராத நோய் என்று தெரிந்த பிறகும் எதற்கு இவ்வளவு பாடு? உனக்கும் கஷ்டம், அதற்கும் கஷ்டம்’ என்றார். அவர் கல்நெஞ்சர் அல்லர். சாலையில் அடிபட்டுக் கிடந்த நாயைத் தம் வண்டியில் ஏற்றி நள்ளிரவில் மருத்துவமனை தேடி அலைந்தவர். அதனாலேயே அவருடைய கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

காயத்துக்கு இரவெல்லாம் விழித்திருந்த அதே மனிதர் தீராத நோய் என்றதும் கையை விரிக்கிறார். அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மீட்பதை நாம் போற்றுகிறோம், குணப்படுத்துவதையும் போற்றுகிறோம். இரண்டுக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. முன்பு எடுத்த படத்தையும் பின்பு எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். நாள்தோறும் பேணுவதற்கு அப்படிக் காட்ட எதுவுமில்லை. நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருந்தால் அதுவே அதன் முழு வெற்றி. ‘தீராத’ என்ற சொல்லை ‘முடிந்துபோன’ என்ற பொருளில் வழங்கப் பழகிவிட்டோம் என்பது என் கருத்து. நம் வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் சட்டத்திலும்கூட அந்தக் குழப்பம் புகுந்திருக்கிறது என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு.

லாலியை ‘அது’ என்றே எழுதுகிறேன். தமிழ் இலக்கணம் உயர்திணை, அஃறிணை என்று பிரித்து வைத்திருக்கிறது. எழுதுகிறவன் ஏதேனும் ஒரு பக்கம் நின்றாக வேண்டும். வங்காளத்தில் இந்தத் தொல்லை இல்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் ‘ஓ’ என்ற ஒரே சொல் போதும். வீட்டுக்கார மாசிமா கீழே நின்று தேநீர்க்கடைக்காரரிடம் ‘ஓ கேயேச்சே?’, சாப்பிட்டாயிற்றா, என்று கேட்டால், விசாரிப்பது லாலியையா என்னையா என்று மாடியிலிருந்து குழம்பியிருக்கிறேன்.

நான் இருப்பது தென் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டிலிருந்து பத்து நிமிட நடை. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. எங்கள் சந்தில் பழைய வீடுகள் சில இன்னும் இடிபடாமல் நிற்கின்றன. அவற்றின் முகப்பில், இவர்கள் ‘ரோயாக்’ என்று சொல்லும் சிமென்டுத் திண்ணை உண்டு. மாலையில் ஆண்கள் அங்கே உட்கார்ந்து அரசியலும் கால்பந்தும் பேசுவார்கள். பகலில் அது லாலியின் இடம். நான் குடிவருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே குட்டியாக அங்கே வந்து சேர்ந்துவிட்டது. உரிமை என்று பேசப்போனால் நான்தான் பின்னால் வந்தவன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் லாலி அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. ‘வெக்கை’ என்றார் தேநீர்க்கடைத் தாதா. (இங்கே தாதா என்றால் அண்ணன். நம்மூர்ப் பொருளில் படித்துவிட வேண்டாம்.) நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பிறகு உடல் மெலிந்தது, பின்னங்கால் தடுமாறியது. மூட்டுவலியாக இருக்கும் என்று எண்ணி, என்னிடமிருந்த வலி மாத்திரையில் பாதியைச் சோற்றில் வைத்து இரண்டு நாள் கொடுத்தேன். மனிதர்கள் உண்ணும் வலி மாத்திரைகளில் பல நாயின் சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் ஊறு செய்பவை என்பது எனக்கு அப்போது தெரியாது. மூன்றாம் நாள் லாலி வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தது. நோய்க்கு அந்த மாத்திரை காரணம் என்று மருத்துவர் பின்னர் சொல்லவில்லை. அதற்குப் பங்கே இல்லை என்றும் சொல்லவில்லை. நான் பொதுச் சுகாதார வரலாற்றில் ஆய்வு செய்கிறவன். என் மேசையில் அந்தத் துறை நூல்களுக்கு நடுவிலிருந்துதான் மாத்திரையை எடுத்தேன். படித்தவர்கள் தாமாகவே வைத்தியம் பார்க்கும் துணிச்சலைப் பிறரிடம் கண்டு சிரிக்கும் தகுதியை அன்றோடு இழந்தேன்.

முதலில் போன மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, ‘வயதாகிவிட்டது, தெருநாய்தானே, விட்டுவிடுங்கள்’ என்றார்கள். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அதே தாளின் பின்பக்கத்தில் ஒரு சிறுநீரகத்தை வரைந்தார். அதில் வடிகட்டும் நுண்ணலகுகளான நெஃப்ரான்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் உண்டாவதில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழியும்வரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. அதன் பிறகு சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறைகிறது. நீர்த்த சிறுநீர் மிகுதியாகப் போகிறது. அதை ஈடுகட்ட நாய் குடித்துக்கொண்டே இருக்கிறது. இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறித் தெரிவதற்குள் நான்கில் மூன்று பங்கு போயிருக்கும். நாங்கள் வெக்கை என்று நினைத்திருந்த நாள்களிலேயே பெரும்பகுதி போய்விட்டிருந்தது.

பன்னாட்டுக் கால்நடைச் சிறுநீரக வல்லுநர் குழுவொன்று இந்த நோயை நான்கு நிலைகளாக வகுத்திருக்கிறது. நாய்களில் கிரியேட்டினின் 2.9 முதல் 5 மில்லிகிராம் வரை இருந்தால் மூன்றாம் நிலை. லாலிக்கு 3.4 இருந்தது. எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்றார். எப்போதோ வந்துபோன உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மழையில் தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலந்து பரவும் லெப்டோஸ்பைரோசிஸாக இருக்கலாம். வெறும் முதுமையாகவும் இருக்கலாம். கொல்கத்தாவின் சந்தில் பன்னிரண்டு மழைக்காலங்களைக் கழித்த நாய்க்கு இந்த மூன்றுமே பொருந்தும். ‘குணமாக்க முடியாது. பார்த்துக்கொள்ள முடியும். யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு வாருங்கள்’ என்று அனுப்பினார். இதுவரை எந்த மருத்துவரும் என்னிடம் இவ்வளவு பயனுள்ள ஒன்றைச் சொன்னதில்லை.

அன்று மாலை ரோயாக்கில் கூடினோம். மாசிமா, தேநீர்க்கடைத் தாதா, முதல் மாடி ஆசிரியை, இரவுக் காவலர், நான். சலவைக்காரர் நாயைக் கண்டாலே ஒதுங்குபவர். அவரும் நின்று கேட்டார். மாதச் செலவு ஏறத்தாழ 3,500 ரூபாய் என்று கணக்குப் போட்டோம். மாசிமா ஆயிரம், கடை ஐந்நூறு, ஆசிரியை ஐந்நூறு, மிச்சம் ஆயிரத்து ஐந்நூறு என் பங்கு. என் ஆய்வு உதவித்தொகை வராத மாதங்களில் கடைத் தாதா என் பங்கையும் போட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார். அதே நோட்டில்தான் என் தேநீர்க் கணக்கும் இருக்கிறது.

உணவில்தான் முதல் சண்டை வந்தது. எலும்பிலும் மீன் தலையிலும் பாஸ்பரஸ் மிகுதி. பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற இயலாது. தேங்கினால் நோய் விரைந்து முற்றும். ஆகவே மருத்துவர் எழுதிக் கொடுத்தது குழைந்த சோறு, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, சிறிது கோழி, பூசணி, உப்பில்லாமல். சிறுநீரக நோய்க்கென்றே விற்கும் உணவுப் பொட்டலம் சிறந்ததுதான்; ஆனால் அது எங்கள் நோட்டுக்குள் அடங்காது. வங்காளி வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மீன் தலை தின்ற நாய்க்கு இனி அது கூடாது என்று நான் சொன்னபோது, மாசிமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வெள்ளைக்கருவை அவரே பிரித்து வைத்திருந்தார். மஞ்சள்கரு எனக்கு வந்தது. ஓராண்டாக நான் மஞ்சள்கரு மட்டும் தின்று வாழ்கிறேன் என்று என் நெறியாளரிடம் சொன்னால் ஆய்வேட்டின் தாமதத்துக்கு அது காரணமாகுமா என்று தெரியவில்லை.

இரண்டு நாளுக்கொருமுறை தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் செலுத்த வேண்டும். மருத்துவர் ஒருமுறை செய்து காட்டினார். இரண்டாம் முறை என் கையைப் பிடித்துச் செய்யவைத்தார். தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் ஊசியைச் செருக வேண்டும். பையைச் சன்னல் கம்பியில் மாட்டினால் கால் மணி நேரத்தில் உரிய அளவு இறங்கிவிடும். முதுகில் சிறிய திமில் எழும். இரவுக்குள் அது முன்னங்காலின் பக்கமாகச் சரிந்து கரைந்துவிடும். பனிக்காலத்தில் திரவம் குளிர்ந்திருந்தால் நாய் நடுங்கும் என்பதால் பையை வெந்நீரில் போட்டு வெதுவெதுப்பாக்க வேண்டும். அந்த வெந்நீர் சலவைக்காரருடைய கரியடுப்பிலிருந்து வருகிறது. அவர் இன்றுவரை லாலியைத் தொட்டதில்லை.

இரவு வேலைதான் கடினம். நீர் குடித்துக்கொண்டே இருக்கும் நாய் சிறுநீர் கழித்துக்கொண்டே இருக்கும். கிண்ணம் காலியானால் உடல் வறண்டுவிடும். இந்த நோயில் ஒரே இரவின் வறட்சிகூடப் பெரிய சரிவாகலாம். ஆகவே மூன்று மணிக்கு ஒருவர் எழுந்து நீர் வைக்க வேண்டும். நனைந்த சணல் சாக்கை எடுத்துவிட்டு வேறு விரிக்க வேண்டும். வாரத்தில் நான்கு இரவு காவலர், மூன்று இரவு நான். இதில் வீரம் ஒன்றும் இல்லை. அன்பு பொங்குகிறதா என்றால், மூன்று மணிக்கு எனக்கு எரிச்சல்தான் பொங்குகிறது. சாக்கு விரித்தாகிவிட்டதா என்பது மட்டுமே அந்த நேரத்தில் கணக்கு.

கொல்கத்தாவில் முதிய நாய் என்பதே அரிய காட்சி என்பதையும் சொல்ல வேண்டும். மோகன்பூரில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் தெருநாய்களின் வாழ்க்கையைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். மேற்கு வங்காளத்தில் ஐந்தாண்டுகள் நடத்திய கணக்கெடுப்பை 2016இல் வெளியிட்டார்கள். 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளில் இனப்பெருக்க வயதை எட்டியவை ஏறத்தாழ 19 விழுக்காடு. இறப்புகளில் 63 விழுக்காட்டில் மனிதர்களுக்குப் பங்கு இருந்தது. ஐந்து குட்டிகளில் ஒன்றுகூட முழுதாக வளராத தெருவில், பன்னிரண்டு வயது என்பது தானாக வந்ததாக இருக்க முடியாது. யாரோ பலர், பெயர் தெரியாதவர்கள், பன்னிரண்டு ஆண்டுகள் சோறு வைத்திருக்கிறார்கள். வண்டியைச் சற்று ஒதுக்கி ஓட்டியிருக்கிறார்கள். வெறிநோய்த் தடுப்பூசிக்குப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் கடைசிப் பகுதியில் நாங்கள் வந்து சேர்ந்திருக்கிறோம்.

இந்த நகரத்துக்கு விலங்குநேயத்தில் ஒரு முதலிடம் உண்டு. இந்தியாவில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் முதன்முதலில் தோன்றியது இங்கேதான், 1861இல். தொடங்கியவர் கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்ற ஓவியர். ரைட்டர்ஸ் கட்டடத்தின் எதிரே அவருக்கு ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேர் நின்று படிக்கிறார்களோ தெரியாது. அக்காலக் கல்கத்தாவின் தெருவில் கண்ணில் பட்ட கொடுமை வண்டிமாடும் வண்டிக்குதிரையும் அடிபடுவது. ஆகவே சங்கமும் அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களும் அடிக்கும் கையைப் பிடிக்கவே பிறந்தன. பெல்காச்சியாவில் 1893இல் கால்நடை மருத்துவக் கல்லூரி எழுந்தது. சென்னை வேப்பேரியில் 1903இல். உழைக்கும் விலங்கும் கறவை விலங்கும்தான் அக்காலக் கால்நடை மருத்துவத்தின் முதற்கவலை. உழைக்க இயலாத விலங்கைப் பல மாதம் வைத்துப் பேணுவது அந்தத் தொடக்கத்தில் யாருடைய திட்டத்திலும் இருந்திருக்காது.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் உருவாக முதன்மைக் காரணமாக இருந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே அதற்கு வித்து. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்துக்கு உரிய நடவடிக்கைகளை எல்லாம் எடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. அழகான பிரிவு. ஆனால் பதினோராம் பிரிவுக்கு வந்தால், பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும்படி விலங்கைக் கைவிடுபவருக்கு முதல் குற்றத்துக்கான தண்டம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. எங்கள் சந்தில் இன்று ஐம்பது ரூபாய்க்கு லாலியின் இரண்டு நாள் உணவுகூட வராது.

என்னை மேலும் உறுத்துவது வேறொரு சொற்றொடர். தெருநாய்களுக்கான கருத்தடை விதிகளில், 2001இல் வந்தவற்றிலும் அவற்றுக்கு மாற்றாக 2023இல் வந்தவற்றிலும், ‘தீராத நோயுற்ற’ நாய்களையும் ‘உயிர்போகும் அளவு காயமுற்ற’ நாய்களையும் வலியின்றி இறக்கச் செய்யலாம் என்று ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. விதி எழுதியவர்களின் நோக்கம் துன்பத்தை நீட்டிக்காமல் இருப்பது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சொல்லைப் பாருங்கள். சிறுநீரக நோய் கண்டறியப்பட்ட முதல் நாளே தீராத நோய்தான். சர்க்கரை நோயும் அப்படியே. இந்தச் சொல்லின்படி லாலி சென்ற ஆண்டே முடிந்துபோன நாய். அதன் பிறகு அது ரோயாக்கில் வெயில் காய்ந்திருக்கிறது. பூனையைத் துரத்த எழுந்து பாதியில் மறந்து திரும்பியிருக்கிறது. துர்கா பூசைப் பந்தலில் கூட்டத்துக்கு நடுவே தூங்கியிருக்கிறது. நோய் தீராதது என்பது ஒரு கூற்று; துன்பம் தாங்க முடியாதது என்பது வேறொரு கூற்று. முதலாவதை இரத்தப் பரிசோதனை சொல்லும். இரண்டாவதை நாள்தோறும் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல முடியும். விதியில் அந்தப் பக்கத்திலிருப்பவருக்கு இடமில்லை.

2025 ஆகஸ்டில் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் வரை எழுந்த விவாதத்தை நானும் தொடர்ந்து படித்தேன். வெறிநோயால் இறக்கும் ஏழைக் குழந்தைகளைப் பற்றிய கவலை நியாயமானது. தடுப்பூசி இல்லாத தெருவுக்காக நான் வாதாட மாட்டேன். பிடித்து அடைப்பதா, ஊசிபோட்டு விடுவதா என்ற இரண்டு குரல்களே நான் படித்தவற்றில் ஓங்கி ஒலித்தன. வயதாகி நோயுற்ற நாயை இரு தரப்பும் எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வங்காளத்தில் இதைப் பேசும்போது சரத்சந்திரரிடம் போகாமல் இருக்க முடியாது. அவருடைய ‘மகேஷ்’ கதையைத் தமிழிலும் பலர் படித்திருப்பீர்கள். ஏழை நெசவாளி கஃபூர், கிழட்டுக் காளை மகேஷ், வறட்சி. கஃபூரிடம் அன்புக்குக் குறைவில்லை. வைக்கோல்தான் இல்லை. கூரையிலிருந்து உருவிப் போடுகிறான். கெஞ்சிக் கேட்டும் கிடைப்பதில்லை. இறுதியில் பசியும் அவமானமும் சேர்ந்த ஒரு கணத்தில் தானே அதை அடித்துக் கொன்றுவிட்டு, மகளோடு சணல் ஆலைக்குப் புறப்படுகிறான். அக்கதையை அன்பின் கதை என்று பாடம் நடத்துவார்கள். எனக்கு அது வைக்கோலின் கதையாகவே படுகிறது. பேணுவதற்கு வழியில்லாதபோது அன்பு எங்கே போய் முடியும் என்பதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ‘தேவ்கர் நினைவு’ என்ற சிறிய எழுத்து ஒன்றும் உண்டு. உடல்நலம் தேறப் போன ஊரில் ஒரு தெருநாய் அவரோடு நடக்கிறது. விளக்கொளியில் பார்க்கும்போதுதான் அதற்கு வயதாகிவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது. கதை முடியும்போது அவர் ரயிலில் போகிறார்; நாய் நிலையத்தில் நிற்கிறது. படித்தவர்கள் அந்த நிலையத்தை மறக்க மாட்டார்கள். ஆனால் மறுநாள் அந்த நாய்க்கு யார் சோறு போட்டார்கள் என்பதை இலக்கியம் எங்களைப் போன்றவர்களிடம் விட்டுவிட்டது.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி. மனிதர்களுக்கே மருந்தில்லாத நாட்டில் நாய்க்கா? இதை ஏளனமாகக் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. உண்மையாகக் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நானும் கேட்டுக்கொள்கிறேன். என் அப்பாவைப் பெற்ற பாட்டி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஊரில் படுக்கையில் இருக்கிறார். அவருக்கு இரவு மூன்று மணிக்கு எழுந்து நீர் கொடுப்பவர் என் சித்தி. ஒருமுறை தொலைபேசியில் லாலியைப் பற்றிச் சொன்னபோது சித்தி, ‘நாய்க்குப் பார்க்கிற, சரி. ஒரு மாசம் இங்க வந்து எனக்கும் மாத்திவிடேன்’ என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தீபாவளி கழிந்ததும் போகிறேன்.

ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் சித்தி இரண்டு வேலையையும் ஒரே வேலையாகவே கண்டார் என்பதைக் கவனித்தேன். மாசிமாவும் அப்படியே. அவருடைய கணவர் பக்கவாதத்தில் ஆறு ஆண்டுகள் படுத்திருந்தார். பகலுக்கு ஆயா சென்டரிலிருந்து ஒருவர் வருவார், இரவு மாசிமா. லாலியின் பின்னங்கால் மரத்துப்போன நாளில், எப்படிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், எந்த எலும்பின் மேல் புண் வரும் என்று எனக்குக் காட்டியது அவர்தான். அமெரிக்காவில் மேரி பெத் ஸ்பிட்ஸ்நாகலும் அவருடைய குழுவினரும் 2017இல் 238 பேரிடம் செய்த ஆய்வில், நாள்பட்ட நோயுற்ற நாய் பூனைகளைப் பார்த்துக்கொள்வோரிடம் மனச்சுமையும் சோர்வும் பதற்றமும் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். மறதிநோய் கொண்ட முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்காக உருவான கேள்வித்தாளைத்தான் அவர்கள் இதற்கும் திருத்திப் பயன்படுத்தினார்கள். அளவுகோல் பொருந்தியது. மனிதருக்கான பராமரிப்பிலிருந்து நாய்க்காகத் திருடிக்கொண்டு போகிறோம் என்ற எண்ணம் எனக்கு இப்போது இல்லை. ஒரே வேலையை இரண்டு இடத்திலும் மதிப்பில்லாமல், கூலியில்லாமல், பெரும்பாலும் பெண்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். நாய்க்கு மறுத்தால் பாட்டிக்குக் கிடைத்துவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் நான் காணவில்லை.

ரத்தன் டாடா தம் உயிலில் டிட்டோ என்ற நாயின் பராமரிப்புக்கு வழிசெய்திருந்தார் என்று 2024இல் செய்தி வந்தது. மும்பையில் டாடா அறக்கட்டளையின் விலங்கு மருத்துவமனை அதே ஆண்டில் திறந்தது. நல்ல செய்திகள். வேப்பேரிக் கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்கு டயாலிசிஸ்கூட உண்டு. ஆனால் நோயுற்ற பெரும்பாலான நாய்களுக்குத் தேவை இவ்வளவு உயரத்தில் இல்லை. நோய் சொல்லும் நாளிலேயே ஊசி பிடிக்கக் கற்றுத்தரும் மருத்துவர் வேண்டும். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்று அந்தந்த ஊர் மொழியில் எழுதிய ஒரு தாள் வேண்டும். வலி மாத்திரை அதில் முதல் வரியாக இருக்கட்டும். கருத்தடைக்கு நாய் பிடிக்க வரும் வண்டியில், தெருவின் முதிய நாயையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கும் ஒருவர் வேண்டும். பெல்காச்சியாவுக்கு எங்கள் பக்கத்திலிருந்து மெட்ரோ நேராகப் போகிறது, நாயை ஏற்றமாட்டார்கள். மஞ்சள் டாக்சிக்காரர்களில் பத்தில் ஒருவர் சம்மதிப்பார். அந்த ஒருவரின் எண்ணைத்தான் கடை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

எங்கே நிறுத்துவது என்ற கேள்வியிலிருந்து நான் நழுவவில்லை. இதில் எனக்கும் மாசிமாவுக்கும் உடன்பாடு இல்லை. ஊசி போட்டு உயிர் போக்குவது அவருக்குப் பாவம். தமிழிலும் அதற்கு வழங்கும் சொல் கொலையில்தான் முடிகிறது. ஆனால் துன்பம் தாங்க முடியாததான பிறகு, பாவத்துக்கு அஞ்சி இயற்கையிடம் விட்டுவிட்டேன் என்று சொல்வதும் ஒருவகைக் கைவிடல் என்றே நினைக்கிறேன். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004இல் ஒரு அளவுகோலை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்பது, ஆக ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். எழுபதுக்கு 35க்கு மேல் இருந்தால் தொடரலாம். மதிப்பெண் போடுவது மாசிமாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கடைசிக் கேள்வி பிடித்திருந்தது. இனிப்புக்கடை கொடுத்த வங்காள நாள்காட்டியில் லாலி தானாக எழுந்து வந்து சாப்பிட்ட நாளுக்கு நீலப் புள்ளி, மறுத்த நாளுக்குச் சிவப்பு என்று அவரே வைக்கிறார். ஒரு மாதத்தில் சிவப்பு மிஞ்சினால் மருத்துவரை வீட்டுக்கு அழைப்பது, அவர் சொல்வதை மறுக்காமல் கேட்பது என்று பேசி முடித்திருக்கிறோம். பேசி முடித்த அன்று அவர் அழுதார். நான் படித்துக்கொண்டிருப்பதுபோல் நடித்தேன்.

காளி பூசைக்கு இன்னும் ஒன்பது நாள். சென்ற ஆண்டு வெடிச் சத்தத்தில் லாலி மாடிப்படிக்கு அடியில் இரவெல்லாம் நடுங்கிக் கிடந்தது. இந்த ஆண்டு உள்ளறையைத் தருவதாக மாசிமா சொல்லியிருக்கிறார். அந்த அறையில் அவருடைய கணவரின் கட்டில் இன்னும் இருக்கிறது. இந்த மாதத் தாளில் இதுவரை நீலம் பதினொன்று, சிவப்பு ஐந்து. இன்றிரவு முறை என்னுடையது. பை வெந்நீரில் கிடக்கிறது. ஆறுவதற்குள் போக வேண்டும். பின்னூட்டங்களுக்கு நாளை பதில் சொல்கிறேன்.